“பார்த்துக் கொடுங்கள்”

நம்மவரிடையே ஒரு சொல் வழங்கி வருகிறது. தையற்காரி இரவிக்கையைத் தைத்து முடித்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கையில் கொடுக்கிறாள். மொழிபெயர்ப்பாளர் பத்துப் பக்கங்களைப் பிழை நீக்கி எழுதி அனுப்புகிறார். உறுமி மேளக்காரர் இரவெல்லாம் அடித்து ஓய்ந்து நிற்கிறார். “எவ்வளவு தரவேண்டும்?” என்று கேட்கப்படுகிறது. மூவர் வாயிலிருந்தும் வருவது ஒரே விடை: “நீங்களே பார்த்துக் கொடுங்கள்.”

இதைப் பணிவு என்று நம்மவர் போற்றுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. தன் உழைப்பின் விலையைத் தானே சொல்லும் உரிமை பெற்ற ஒருவர், அவ்வுரிமையை எடுத்து எதிரே நிற்பவர் கையில் வைத்துக் கும்பிடுவதற்குப் பணிவு என்று பெயர் வைப்பது தகாது. அது பழைய அடிமைப் பழக்கத்தின் மிச்சம். கடுமையான வார்த்தைதான். ஆயினும் சொல்லியே தீரவேண்டியிருக்கிறது.

மாதச் சம்பளமும் மேலாளரும் இன்றி, வேலைக்கு வேலை பேசிப் பிழைப்போரைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். ஃப்ரீலான்ஸ் என்று பட்டணத்துப் பிள்ளைகள் சொல்லுவது இதைத்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிய பின், லயத்தை விட்டு அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களில் இத்தகையோர் இல்லாத வீடு அருகிவிட்டது. மகள் கல்யாணப் பெண்களுக்கு ஒப்பனை செய்கிறாள், மகன் படம் பிடிக்கிறான், மருமகள் தைக்கிறாள், ஓய்வு பெற்ற மாமனார் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்கிறார், தீபாவளி நெருங்கினால் அத்தை முறுக்கும் அதிரசமும் ஆர்டருக்குச் சுட்டுக் கொடுக்கிறார். எல்லாரும் உழைக்கிறார்கள். ஆயினும் வருஷக் கடைசியில் கையில் என்ன நின்றது என்று கேட்டால், ஒருவரும் வாய் திறப்பதில்லை. காரணம் சோம்பலன்று. விலை சொல்லத் தெரியாமையும், விலை சொல்லக் கூசுவதுமே காரணம்.

இக்கூச்சம் எங்கிருந்து வந்தது?

நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பலேறி வந்த நாளில் அவர்களுடைய கூலியை அவர்கள் பேசவில்லை. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின்னும் ஊருக்குப் போய் ஆள் கட்டி அழைத்து வந்தவன் கங்காணி. தன் ஆட்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. துரை கூலியை நிர்ணயித்தார். கிராணி செக்ரோலில் எழுதினார். கூலிக்காரர் கை நீட்டினார். 1920-களில் சர்க்கார் அதிகாரிகள் உட்கார்ந்து, ஒரு தமிழன் உயிர் தரித்து மரம் வெட்ட அரிசி எவ்வளவு, துணி எவ்வளவு என்று பட்டியல் போட்டு, அதைக் கொண்டு தரக்கூலி என்று ஒன்றைக் கட்டினார்கள். அப்பத்தாண்டின் பிற்பகுதியில் முக்கிய வட்டாரங்களில் அது ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை விழுந்தது. உடனே அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது. ரப்பர் விலை விழுந்ததற்குப் பால்மரக் காட்டில் நின்ற நம் பாட்டி என்ன குற்றம் செய்தாள்? அவளை யாரும் கேட்கவில்லை. அவள் வயிற்றின் அளவை வேறொருவர் அளந்தார். அவள் கூலியை வேறொருவர் எழுதினார்.

1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டனர். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன; துப்பாக்கி வெடித்தது; உயிர்கள் போயின. கூலிக் கேள்வியும் சைக்கிள் கேள்வியும் ஒரே மனுவில் இருந்ததை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவ்விரண்டும் ஒரே கேள்வி என்பது அந்த ஏழைத் தோட்டத்து மக்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று காரில் போய் இறங்கிக் கல்யாணப் படம் பிடிக்கும் அவர்களுடைய பேரனுக்குத் தெரியவில்லை. துரையும் இல்லை, கிராணியும் இல்லை, செக்ரோலும் இல்லை. இருந்தும் அவன் சைக்கிளைவிட்டு இறங்கி நின்று, “பார்த்துக் கொடுங்கள்” என்கிறான்.

பிறரைக் குறை சொல்லுமுன் நம் கதையையும் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தார் 24 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கித் தரும்படி கேட்டனர். எட்டு இரவுகள் விழித்து முடித்துக் கொடுத்தோம். விலை பேசவில்லை. “உங்களுக்குத் தெரியாததா, பார்த்துச் செய்யுங்கள்” என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு வந்தோம். அவர்கள் பார்த்தார்கள்; செய்தார்கள். ஓர் உறையில் 60 வெள்ளியும், சுவரில் மாட்டும் நாட்காட்டி ஒன்றும் வந்தன. அந்த நாட்காட்டி கிழிந்து முடியும் வரை, ஓராண்டு முழுவதும், கண்ட நண்பரிடமெல்லாம் அந்நிறுவனத்தைத் திட்டினோம். அந்நிறுவனத்தாரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குற்றத்தில் பாதி அவர்களுடையது. மறு பாதி நம்முடையது என்று ஒப்புக்கொள்ள நமக்குச் சில காலம் பிடித்தது.

நிற்க. விலை சொல்லவேண்டும் என்பது சரி. என்ன விலை சொல்வது? இங்கேதான் நம்மவர் பெரிதும் தவறுகின்றனர். ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறோம். வாசகர்கள் பென்சிலும் காகிதமும் எடுத்துக் கொண்டால் நலம்.

ஒரு பெண் அலுவலகத்தில் மாதம் 3,000 வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்த பின் வேலையை விட்டுவிட்டு வீட்டில் தையல் இயந்திரம் போட்டாள். மாதத்தில் 26 நாள், நாளில் 8 மணி நேரம், ஆக 208 மணி. 3,000-ஐ 208-ஆல் வகுத்தால் மணிக்கு 14 வெள்ளி 42 காசு. “மணிக்கு 15 வெள்ளி கிடைத்தால் பழைய சம்பளத்துக்கு மேலேயே ஆயிற்று” என்று மகிழ்கிறாள். அதற்கும் மேலாகவே வைப்போம் என்று, உள்துணி வைத்துத் தைக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும் இரவிக்கைக்கு 35 வெள்ளி வாங்குகிறாள். இதைவிட நியாயமான விலை உண்டா என்று அவள் கேட்பாள்.

கணக்கு தப்பு. முதலாவது, ஆண்டின் எல்லா நாளும் அவளுக்கு வேலை நாளன்று. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை, பிள்ளைக்குக் காய்ச்சல், இயந்திரம் பழுது, ஆர்டரே வராத வாரங்கள் எல்லாம் போக 240 நாள் வேலை நடந்தால் அது நல்ல ஆண்டு. இரண்டாவது, அந்த 240 நாளிலும் எட்டு மணி நேரமும் அவள் ஊசிமுனையில் உட்கார்ந்திருப்பதில்லை. அளவெடுப்பது, கைப்பேசியில் கை நீளமா, கழுத்து இறக்கமா என்று அரைமணி பேசுவது, நூலுக்கும் உள்துணிக்கும் கடைக்கு அலைவது, பிரித்துத் திருத்துவது, கொடுக்காத பாக்கிக்கு நினைவூட்டுவது என்று மூன்று மணி நேரம் போய்விடும். மீதி ஐந்து. ஆகவே ஆண்டில் அவள் கூலி பெறும் நேரம் 1,200 மணிதான்.

இனி வேண்டிய பணம். பழைய சம்பளம் ஆண்டுக்கு 36,000. நூல், ஊசி, மின்சாரம், பழுதுபார்ப்பு, கைப்பேசி, போக்குவரத்துக்கு மாதம் 500 வைத்தால் 6,000. அலுவலகத்தில் இருந்தபோது அவள் சம்பளத்துக்கு மேல் முதலாளி தன் பங்காக நூற்றுக்கு 13 சேமநிதியில் கட்டிவந்தாரே, அதை இப்போது கட்டுவது யார்? அவள்தான். அது 4,680. மொத்தம் 46,680. இதை 1,200-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 38 வெள்ளி 90 காசு. இரண்டு மணி நேர இரவிக்கைக்கு 78 வெள்ளி வாங்கினால்தான் அவள் பழைய நிலையில் நிற்கிறாள், முன்னேறவில்லை, நிற்கிறாள்.

அவள் வாங்குவது 35. ஆண்டில் 600 இரவிக்கை தைத்தால் 21,000 வெள்ளி. செலவு 6,000 போக 15,000. மாதத்துக்கு 1,250. மலேசியாவில் 2025 முதல் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. முதலாளிகள் தொழிலாளிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் தடுத்திருக்கும் சம்பளத்தை அவள் தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிறாள். இப்படிப்பட்ட முதலாளி ஒரு தோட்டத்தில் இருந்திருந்தால் நாம் ஊர்வலம் போயிருப்போம்.

சிங்கப்பூரில் இருப்போர் தங்கள் நாட்டுத் தொகைகளை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே 55 வயதுக்கு உட்பட்ட ஊழியருக்கு முதலாளி மத்திய சேமநிதியில் நூற்றுக்கு 17 கட்டுகிறார். சுயதொழில் புரிவோருக்கு அப்படிக் கட்ட ஒருவரும் இல்லை. மெடிசேவ் பணத்தையும் அவரே கட்டியாக வேண்டும். அந்த 17-ஐ விலையில் சேர்க்காதவர் முதுமையைக் கடன் வைத்துச் சாப்பிடுகிறவர்.

பால்மரம் வெட்டிய குடும்பத்தாருக்கு இவ்விஷயம் புதிதாக இருக்க நியாயமில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், இருட்டில் மரத்துக்கு மரம் ஓடி வெட்டி, மங்குகளில் பால் நிறையும் வேளையில் மழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? பால் மண்ணோடு போகும். வெட்டிய உழைப்பு உழைப்புத்தான். ஆனால் நிறுக்கப் பால் இல்லை. நிறைக்குக் கூலி என்ற ஏற்பாட்டில் மழை யார் கணக்கில் விழுகிறது என்பது நம் தாய்மார் அனுபவத்தில் அறிந்தது. தொழிற்சங்கம் கட்டிப் போராடியவர்கள் மழை நாளுக்கும் ஒரு வழி வேண்டும் என்று வாதாடினார்கள். இன்றைய சுயதொழிலாளிக்கும் மழை நாள் உண்டு. மார்கழியில் கல்யாணம் குறைவு. பள்ளி விடுமுறையில் டியூஷன் இல்லை. நோன்பு மாதத்தில் சில அலுவலகங்கள் வேலையைத் தள்ளி வைக்கும். அம்மழை நாளின் அரிசியை வெயில் நாளின் விலையில் சேர்க்கவேண்டும் என்பதே நாம் மேலே போட்ட கணக்கின் சாரம்.

இன்னொன்று. மணிக் கணக்கில் வந்தது அடிவிலை. அதற்குக் கீழே இறங்கினால் நஷ்டம் என்று காட்டும் கோடு. அது உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும். வாடிக்கையாளரிடம் மணிக் கணக்குப் பேசுவது பெரும்பாலும் தவறு. நாதஸ்வரக்காரர் முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் ஊதுகிறார். அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பின்னால் இருபது ஆண்டுச் சாதகம் இருக்கிறது. கைதேர்ந்தவர் ஒரு மணியில் முடிப்பதைக் கற்றுக்குட்டி மூன்று மணியில் முடிப்பான்; மணிக்கு இவ்வளவு என்றால் கற்றுக்குட்டிக்கே அதிகக் கூலி! பால்வெட்டிலும் இந்த அநியாயம் இருந்தது. தேர்ந்த கை பட்டையை மெல்லியதாகச் சீவும். மரத்தின் உட்தோலில் காயம் படாது. அம்மரம் பல ஆண்டு கூடுதலாகப் பால் தரும். முரட்டுக் கை ஆழமாக வெட்டி மரத்தைப் புண்ணாக்கும். தராசுக்கு இந்த வேற்றுமை தெரியுமா? ஆகவே அடிவிலையைத் தெரிந்து வைத்துக்கொண்டு, வேலைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். அவசரமா, நுணுக்கமா, இரவு வேலையா, பிடித்த படத்தை அவர்கள் விளம்பரத்துக்கும் போடப் போகிறார்களா என்று பார்த்து மேலே ஏறுங்கள்.

இனி நம் எதிர்ப்பாளரைக் கவனிப்போம். முதலில் வருபவர் “நம்ம ஆள்” என்பவர். “நாமெல்லாம் ஒரே தோட்டத்துக்காரர்கள்; என்னிடமே இந்த விலையா?” என்கிறார். இவர் மகள் கல்யாணத்துக்கு மண்டபக்காரர் பாதிப் பணத்தை முன்கூட்டிக் கேட்டார். வாய் திறவாமல் கட்டினார். ஹோட்டலில் வரிக்கு மேல் சேவைக் கட்டணம் போட்டார்கள், அதையும் கட்டினார். தோட்டத்து உறவு அங்கெல்லாம் நினைவுக்கு வரவில்லை. மாலை கட்டும் கிழவியிடமும், மணவறை அலங்கரிக்கும் பையனிடமும் வந்தபோதுதான் இனப்பற்று பொங்குகிறது. நம்மவன் என்ற பற்று உண்மையானால் நம்மவனுக்கு ஒரு வெள்ளி கூடக் கொடுக்க அல்லவா தோன்றவேண்டும்? குறைக்கத் தோன்றுவது எப்படி?

அடுத்து வருபவர் சங்கத் தலைவர். இவர் பேச்சு இனிமையானது. “இது தமிழ்ப்பணி. தமிழுக்குச் செய்வதற்கு விலை உண்டா?” என்கிறார். விழாவுக்கு மண்டப வாடகை உண்டு, ஒலிபெருக்கிக்கு வாடகை உண்டு, நாற்காலிக்கு உண்டு, சாப்பாட்டுக்கு உண்டு. நிகழ்ச்சியை நடத்திக் கொடுப்பவருக்கும், மலரைப் பிழை திருத்தியவருக்கும், அழைப்பிதழ் வரைந்த இளைஞனுக்கும் பொன்னாடை உண்டு. நம் வீட்டு அலமாரியில் பதினேழு பொன்னாடைகள் இருக்கின்றன. அவற்றை எந்த மளிகைக் கடையில் மாற்றுவது என்று தலைவர்கள் சொன்னால் நன்றியுடையோராவோம். நாற்காலி தமிழுக்காக இலவசமாக வராதபோது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மூளை மட்டும் ஏன் இலவசமாக வரவேண்டும்?

தொண்டு செய்யவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அனாதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு இனாமாகத் தைத்துக் கொடுங்கள். தோட்டத்துப் பள்ளிக்கு இனாமாகப் பாடம் சொல்லுங்கள். ஆனால் இனாமாகச் செய்வதை இனாம் என்று எழுதுங்கள். ரசீதில் முழு விலையையும் போட்டு, அதன் கீழே “அன்பளிப்பு” என்று கழித்து, பாக்கி இல்லை என்று காட்டிக் கொடுங்கள். எவ்வளவு பெற்றார்கள் என்பது பெற்றவருக்குத் தெரியும். அடுத்த முறை வேறொருவர் விலை சொல்லும்போது அவர்கள் திடுக்கிட மாட்டார்கள்.

இங்கே புலமையுடையோர் ஒருவர் எழுந்து, புலவன் விலை பேசலாமா, பரிசிலுக்கு வணிகம் ஏது என்று புறநானூற்றைக் காட்டுவார். நன்று, அந்நூலையே பார்ப்போம். பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் கடந்து தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சென்றார். அவன் இவரை நேரிற் காணாமலே, இதைக் கொண்டு செல்க என்று பரிசிலை அனுப்பினான். புலவர் அதை ஏற்கவில்லை. காணாமல் கொடுத்த பொருளை வாங்கிச் செல்ல நான் வணிகப் பரிசிலாளன் அல்லேன் என்றார். இதுவரையில் நம் புலவர் எடுத்துக் காட்டுவார். மேலே உள்ளதை விட்டுவிடுவார். தினையளவே ஆயினும், என் தகுதியின் அளவை அறிந்து கொடுத்தால் அது இனிது என்பதும் அப்பாட்டில்தான் இருக்கிறது. பெருஞ்சித்திரனார் மறுத்தது விலையையா? அளக்காமல் வீசப்பட்டதையே அவர் மறுத்தார். “பார்த்துக் கொடு” என்று அவர் கேட்டதும் உண்மையே. அங்கே பார்க்கச் சொன்னது தம் கல்வியை. நம்மவர் பார்க்கச் சொல்வதோ எதிரில் நிற்பவர் மனத்தில் தோன்றும் தொகையை.

பாரதியாரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் 1921-இல் வறுமையில் மறைந்தார். 1949-இல் சென்னை அரசாங்கம் அவர் நூல்களின் உரிமையை விலை கொடுத்து வாங்கியது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் விலைபோன பாட்டு, அவர் அரிசி வாங்க வேண்டிய நாளில் விலையற்றதாகவா இருந்தது?

மூன்றாவது எதிர்ப்பு நியாயமானது. ஆகவே சற்று நின்று விடை சொல்லவேண்டும். “நான் 78 என்றால் அடுத்த தெருக்காரி 30-க்குத் தைக்கிறாள், ஆர்டர் அவளுக்குப் போகும், என் பிள்ளைக்குப் பால் யார் வாங்குவது?” இது பசியின் கேள்வி. கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. முதல் ஆண்டில் சிலர் போய்விடுவார்கள் என்பதும் உண்மை. ஆயினும் கணக்கைப் பாருங்கள். 35-க்கு 600 இரவிக்கை தைத்துச் சம்பாதிப்பதை 70-க்கு 300 தைத்தே சம்பாதிக்கலாம், நூலும் மின்சாரமும் மிச்சம், முதுகும் மிச்சம். வாடிக்கையாளரில் பாதிப்பேர் போனாலும் நஷ்டமில்லை என்பதை நம்மவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. கையில் பணம் குறைவு என்று உண்மையாகவே சொல்பவர் வந்தால் விலையைத் தொடாதீர்கள், வேலையைக் குறையுங்கள். உள்துணி வேண்டாம், சரிகைக் கரை வேண்டாம், அப்படியானால் 45 என்று சொல்லலாம். அதே வேலையை அவருக்கு மட்டும் 45-க்கு என்றால், நேற்று 78 கொடுத்தவரை ஏமாற்றியதாக ஆகும்.

அடுத்த தெருக்காரியோ நம் பகையாளி அல்லள். அவளும் இதே கணக்கைப் போடாதவள். அவளுடன் உட்கார்ந்து பேசவேண்டும். மலாயாவில் பால்வெட்டினோர் பேசியதால்தான் சங்கம் வந்தது. ஒரு வட்டாரத்து ஒப்பனைக்காரப் பெண்கள் வாட்ஸ்அப்பில் பூப்படமும் காலை வணக்கமும் அனுப்பிக் கொள்வதோடு, தங்கள் அடிவிலையையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் என்ன? சம்பளத்தை மறைப்பது முதலாளிக்கு நன்மை. விலையை மறைப்பது இடைத்தரகருக்கு நன்மை. இந்த இடைத்தரகர் இக்காலத்துக் கங்காணி. நிறுவனத்திடம் 100 வாங்கி, மொழிபெயர்த்தவருக்கு 30 கொடுத்து, “தமிழுக்கு இவ்வளவுதான் தருகிறார்கள்” என்று பெருமூச்சு விடுபவர். தலைக்காசு ஒழிந்துவிட்டது என்று எண்ணினோம்; அது சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறது.

பெண்கள் விஷயத்தில் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லவேண்டும். 50 காசு, 40 காசு என்று அன்று எழுதிய கை போய்விட்டது. ஆனால் அந்தப் பத்துக் காசு வித்தியாசம் இன்னும் நம் பெண்களின் வாயில் இருக்கிறது. “வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில்தானே செய்கிறேன்” என்று சொல்லித் தங்கள் விலையைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து எண்ணெய்ச் சட்டி முன் நிற்பவள் சும்மா இருக்கிறவளா? கணவனுக்குச் சம்பளம் வருகிறது என்பதற்காக முறுக்குக்கு மாவு இனாமாக வருகிறதா?

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2025-இல் மலேசிய நாடாளுமன்றம் கிக் தொழிலாளர்க்கென ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. சிங்கப்பூரில் தளங்களின்வழி வேலை செய்யும் ஓட்டுநர், பொருள் கொண்டுசேர்ப்போர் ஆகியோருக்கான சட்டம் 2025 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது. நல்லவை. ஆயினும் வெறும் வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம். பாக்கி வராதபோது சிங்கப்பூரில் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கு வக்கீல் இன்றியே 20,000 வெள்ளி வரை வழக்குக் கொண்டு போகலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். மலேசியாவில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான சிறு வழக்குகளுக்கு எளிய முறை உண்டு. இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது, என்ன வேலை, என்ன விலை, எப்போது பேசினீர்கள், எழுத்து எங்கே என்பதுதான். “பார்த்துக் கொடுங்கள் என்றேன் ஐயா” என்று நீதிபதியிடம் சொன்னால், “பார்த்துத்தானே கொடுத்திருக்கிறார்” என்பார். ஆகவே வேலை தொடங்குமுன் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள், முன்பணம் வாங்குங்கள், எத்தனை முறை திருத்தித் தருவோம், எந்தத் தேதிக்குள் பாக்கி வரவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

இக்கட்டுரைக்கு என்ன சன்மானம் என்று இதழாசிரியரிடம் முன்கூட்டிக் கேட்டீரா என்று ஒரு வாசகர் கேட்கக் கூடும். கேட்டோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின் ஒரு தொகை சொன்னார். பெரிய தொகையன்று. ஆயினும் சொன்னார், நாமும் சரி என்றோம், இரு தரப்பும் முகம் வாடாமல் பிரிந்தோம். இதற்கு நமக்கு முப்பது ஆண்டு பிடித்தது.

நமக்குத் தெரிந்த தையற்கார அம்மையார் ஒருவர் சென்ற ஆண்டு தம் வீட்டுச் சமையல் மேசையில் நம்மோடு உட்கார்ந்து மேற்சொன்ன கணக்கைப் போட்டார். விடையைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வாசற்கதவில் ஓர் அட்டை மாட்டினார். சாதா இரவிக்கை இவ்வளவு, உள்துணி வைத்தது இவ்வளவு, கடைசி வாரத்தில் வந்தால் இவ்வளவு, முன்பணம் பாதி என்று தமிழில் பெரிய எழுத்தில் இருந்தது. அதே தோட்டத்தில் அவருடன் மரம் வெட்டிய முதியவர் ஒருவர் துணியை எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து அட்டையை மேலிருந்து கீழ் வரை படித்தார்.

“எனக்குமா இந்த விலை?” என்றார்.

“ஆமாம் பெரியம்மா, எல்லாருக்கும்.”

கிழவியார் இன்னும் ஒரு முறை அட்டையைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, முன்பணத்தை எண்ணத் தொடங்கினார்.